கனடா–அமெரிக்க எல்லையோர ஊர்களில் ஷார்ட் டிராக் (ஒரு மைலுக்கும் குறைவான நீள்வட்டப் பாதை, அதாவது ஓவல்) கார் பந்தயங்கள் ஏன் குறைந்துவிட்டன? எல்லை தாண்டி வந்து ஓட்டிய ரேஸர்கள் எங்கே போனார்கள்?

"ரசிகர்கள் குறைந்துவிட்டார்கள், இளைஞர்களுக்குக் கார் மேல் இருந்த ஆசை போய்விட்டது" என்று பலர் சொல்வார்கள். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. முதலில் கையை விட்டுப் போனது நிலம். மற்றதெல்லாம் அதன் பின்னால்தான் போனது.

எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் விக்டோரியாவை ஒட்டிய லாங்ஃபோர்டில் வெஸ்டர்ன் ஸ்பீட்வே என்ற டிராக் இருந்தது. 1954-இல் திறந்தது. தார் போட்ட ஓவல், ஒரு சுற்று 0.4 மைல், அதாவது சுமார் 640 மீட்டர். விக்டோரியாவில் வேலை பார்த்த நாட்களில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் நான் அங்கேதான் இருப்பேன். வாரம் முழுக்க ஒர்க்‌ஷாப்பிலோ லாரியிலோ வேலை செய்கிறவர்கள், தாங்களே பழுது பார்த்த காரைக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். மொத்த டிராக்கும் ஒரே பார்வையில் தெரியும். இருபது கார்கள் ஒன்றாக வளைவுக்குள் நுழையும்போது வரும் சத்தத்தை நெஞ்சுக்குள் உணரலாம். டிவியில் அது வரவே வராது.

அங்கிருந்து கிளம்பியவர்களைப் பாருங்கள். அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500-இல் முதன்முதலாக ஓட்டிய கனடாக்காரர் பில்லி ஃபாஸ்டர், 1965-இல். விக்டோரியாக்காரர். 1967-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் பயிற்சியின்போது இறந்துபோனார். அதே ஊர்க்காரர் ராய் ஸ்மித், அமெரிக்க மேற்குக் கடற்கரையில் நடந்த நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பு) வின்ஸ்டன் வெஸ்ட் தொடரில் 1980, 81, 82 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன். 1988-இல் நான்காவது முறை. நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500-இல் 1982-இல் பத்தாவதாக வந்தார். விக்டோரியா இருப்பது ஒரு தீவில். எங்கே ஓட்டப் போவதென்றாலும் கார், டயர், ட்ரெய்லர் எல்லாவற்றையும் முதலில் கப்பலில் ஏற்றியாக வேண்டும். அப்படிப் போய் நான்கு முறை ஜெயித்த மனிதரைப் பற்றி நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? எல்லை தாண்டி ஓட்டுவதற்குத் திறமை மட்டும் போதாது. போகிற வழி நெடுக டிராக்குகள் இருக்க வேண்டும். இந்த வாரம் ஓரிடம், அடுத்த வாரம் பக்கத்தில் இன்னோரிடம் என்று இருந்தால்தான் அவ்வளவு தூரம் டீசல் செலவழித்துப் போவது கட்டுப்படியாகும். மேற்குக் கரையில் அந்த வரிசை ஒவ்வொன்றாக அறுந்தது. கலிஃபோர்னியாவின் சாகஸ் டிராக் 1995-இல் மூடியது. ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் 2001-இல், கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டின் மேசா மரின் 2005-இல். அதே மாநிலத்தில் 1999-இல்தான் திறந்த இர்விண்டேல்கூட 2024 டிசம்பரோடு முடிந்தது. எங்கள் வெஸ்டர்ன் ஸ்பீட்வே 2022-இல் மூடப்பட்டது.

லாங்ஃபோர்டின் மக்கள்தொகை 2016-க்கும் 2021-க்கும் இடையில் மட்டும் 30 சதவீதத்துக்கு மேல் கூடியது. அப்படிப்பட்ட ஊரில் நிலம் என்ன விலை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓவல் டிராக் என்பது வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை வார இறுதிகளில் மட்டும் சம்பாதிக்கும் தொழில். மழை பெய்தால் அன்றைய வசூல் போச்சு. சொத்து வரியோ வருஷம் முழுக்க. உரிமையாளருக்கு வயதாகும்போது, வாரிசுக்கு ஆர்வமில்லை என்றால், விற்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி? பல ஊர்களில் டிராக் வந்து பல வருஷம் கழித்துப் பக்கத்தில் வீடு வாங்கியவர்கள், சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுப்பதும் நடக்கிறது. அது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

அப்புறம் காசு. 1974-இல் கனடா டாலர் அமெரிக்க டாலரைவிடக் கொஞ்சம் அதிக மதிப்பில் இருந்தது. 2002 ஜனவரியில் 62 சென்ட்டுக்கும் கீழே போனது. பரிசு அமெரிக்கப் பணத்தில் கிடைக்கும், ஜெயித்தால் லாபம்தான். ஆனால் டயரும் பெட்ரோலும் தங்குமிடமும் அதே பணத்தில்தான், ஜெயிப்பவரோ ஒருவர். அதோடு இன்றைய லேட் மாடல் கார் (ஷார்ட் டிராக்கில் ஓடும் மேல்மட்டப் பந்தயக் கார்) பழைய இரும்புக் கடையில் உருவாவதில்லை. அதற்கென்றே உள்ள பட்டறைகளில் சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) வாங்க வேண்டும்.

கிழக்கிலும் இதே கதைதான். எல்லைக்கு அருகே வெர்மாண்டின் மில்டனில் இருந்த கேட்டமவுண்ட் டிராக்கில் கியூபெக்கின் ஜான்-பால் கபானா பெரிய நட்சத்திரம். 1965-இல் திறந்த அந்த டிராக் 1987-இல் மூடி, அந்த இடம் தொழிற்பேட்டையானது. ஆனால் மெய்ன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்ட் பிளெய்ன்ஸ் பிழைத்திருக்கிறது. 1974-இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்ட் 250 பந்தயத்தை 1993, 94, 95-இல் ஜூனியர் ஹான்லி, டெரெக் லின்ச், டேவ் விட்லாக் என்று மூன்று கனடாக்காரர்கள் வரிசையாக ஜெயித்தார்கள்.

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தரைவழி எல்லையை அமெரிக்கா 2021 நவம்பரில்தான் கனடாக்காரர்களுக்குத் திறந்தது. கோடைப் பந்தய சீசன் இரண்டு போயின. திறந்த பிறகு வந்த முதல் சீசனில், 2022-இல், ஆக்ஸ்ஃபோர்ட் 250-ஐ ஜெயித்தவர் நோவா ஸ்கோஷியாவின் கோல் புட்சர்! ரேஸர்கள் எங்கே போனார்கள் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் அவர்தான். போய்ச் சேர ஒரு டிராக் இருந்தால் இன்றும் வருகிறார்கள்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால், மேற்கே வாஷிங்டன் மாநிலம் மன்ரோவில் எவர்கிரீன் ஸ்பீட்வே இன்னும் நடக்கிறது. கிழக்கே என்றால் வெர்மாண்டின் பாரியில் 1960 முதல் இருக்கும் தண்டர் ரோடு, அங்கே வழக்கமாக வியாழக்கிழமை இரவு. குழந்தைகளோடு போனால் காதுக்குப் பாதுகாப்புக் கவசம் மறக்காதீர்கள்.