பாறையில் மல்லாந்து விழும் கிராலர்: காசை முதலில் எங்கே போடுவது?

கேள்வி: ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) ரிமோட் கிராலர், அதாவது பாறை ஏறும் பொம்மை வண்டி ஒன்றை வாங்கினேன். மோட்டார், சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்), டயர் எல்லாம் வண்டியோடு வந்தவைதான். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. பாறை கொஞ்சம் செங்குத்தாக இருந்தால் முன்பக்கம் தூக்கி மல்லாந்துவிடுகிறது. முன் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கிறது. சரிவில் ரிமோட்டின் விசையை விட்டால் வண்டி மெதுவாகப் பின்னால் உருள்கிறது. கூட வந்த 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரி வேறு லேசாக உப்பியிருக்கிறது. பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத, அதிக சக்தி தரும்) மோட்டாரும் மூன்று செல் உள்ள 3எஸ் பேட்டரியும் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் நண்பர். என் கையில் காசு குறைவு. எதில் தொடங்கலாம்?

பதில்: பேட்டரியில் தொடங்குங்கள். உப்பிய லிப்போவை இனி ஒருமுறைகூட சார்ஜ் போடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்ததால்தான் உப்புகிறது. அழுத்தினாலும் குத்தினாலும் தீப்பிடிக்கக்கூடியது அது. தீப்பிடிக்காத இடத்தில் தனியாக வைத்திருந்து, பழைய பேட்டரி வாங்கும் மின்கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். கையில் உள்ள காசில் முதல் பங்கு புதிய பேட்டரிக்குப் போவதில் வருத்தப்படாதீர்கள். மல்லாந்து விழும் சிக்கலில் பாதியை அதை வைத்தே தீர்த்துவிடலாம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மோட்டார் இப்போது வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கி வண்டியையே கவிழ்க்கும் அளவுக்கு உங்கள் மோட்டாரில் இழுவை இருக்கிறது. அதற்கு மேலும் சக்தி கொடுத்தால் இன்னும் வேகமாகக் கவிழும், அல்லது சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் தண்டு (டிரைவ் ஷாஃப்ட்) முறுக்கிக்கொள்ளும். பாறை ஏறுவது நடை வேகத்துக்கும் குறைவான வேலை. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் எப்படிப் பிடிக்கிறது, முன் சக்கரம் சொன்னபடி திரும்புகிறதா என்ற மூன்றும்தான் அங்கே முக்கியம். உங்கள் காசும் அந்த வரிசையிலேயே போகட்டும்.

எதையும் வாங்குமுன் ஒரு மாலைப்பொழுதை வண்டியைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். நல்ல எஃகில் செய்த 1.5, 2, 2.5 மி.மீ. ஹெக்ஸ் (அறுகோண முனை) டிரைவர்கள் இல்லையென்றால் அவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மட்டமான டிரைவர் ஸ்குரூ தலையை உருட்டிவிடும், அப்புறம் அந்த ஸ்குரூவைக் கழற்றுவதே பெரும்பாடு. வண்டியை முழுக்கத் தூக்கிப் பிடித்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அதே ஆக்சிலின் (அச்சின்) மறுபக்கச் சக்கரமும் அதே திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரக் கூட்டு) பூட்டப்பட்டிருக்கிறது, நல்லது. எதிர்த்திசையில் சுற்றினால் திறந்த டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் காற்றில் தூக்கியதும் சக்தியெல்லாம் அதற்கே போய்விடும், அதை முதலில் பூட்ட வேண்டும். பிறகு ஷாக்குகளை (ஸ்பிரிங் உள்ள அதிர்வுத்தாங்கிகளை) கழற்றிவிட்டு ஆக்சிலைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். எங்கேயும் இறுகாமல் ஓட வேண்டும். ஒருவர் ஓட்டிய வண்டியில் வளைந்த லிங்கும் (ஆக்சிலை சேசிஸோடு இணைக்கும் தண்டு) அளவுக்கு மீறி முடுக்கிய ஸ்குரூவும் சகஜம். உலோகத்துக்குள் உலோகம் போகும் ஸ்குரூக்களில் மட்டும் ஒரு சொட்டு திரெட் லாக் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) விடுங்கள். பிளாஸ்டிக்கில் அது பட்டால் விரிசல் விழலாம்.

சரி, எடைக்கு வருவோம். சமையலறைத் தராசு ஒன்று போதும். முன் சக்கரங்களைத் தராசின் மேல் வையுங்கள். பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி வண்டியைச் சமமாக நிறுத்துங்கள். தராசு காட்டுவது முன்பக்க எடை. பிறகு திருப்பி வைத்துப் பின்பக்க எடையைப் பாருங்கள். மொத்தத்தில் 55 முதல் 60 சதவீதம் முன்னால் இருக்க வேண்டும். வாங்கியபடியே ஓடும் வண்டிகள் பலவற்றில் பேட்டரி பின்பக்கமோ நடுவிலோ இருப்பதால் இது 50-க்கும் கீழே போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி இல்லாமல் வண்டி 2400 கிராம், அதில் சரிபாதி 1200 கிராம் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். 250 கிராம் பேட்டரியைப் பின் ஆக்சிலுக்கு மேலே வைத்தால் முன்பக்கப் பங்கு 45 சதவீதம். அதற்குப் பதில் 130 கிராம் உள்ள சிறிய பேட்டரியை முன் ஆக்சிலுக்கு மேலே, சர்வோவை ஒட்டி வைத்தால் பங்கு ஏறக்குறைய 53 ஆகிவிடும். அப்புறம் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்குள்ளும் 80 கிராம் சேர்த்தால் 55-ஐத் தாண்டும். புதிய பேட்டரி சிறியதாக இருக்கட்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். 2எஸ், 2200 எம்ஏஎச் அளவு போதும். கிராலர் மெதுவாக ஓடுவதால் மின்சாரத்தையும் மெதுவாகத்தான் குடிக்கும். பெரிய பேட்டரியைவிட இது விலையும் குறைவு. பேட்டரித் தட்டை முன்னால் நகர்த்த ஒரு தகட்டுத் துண்டும் வெல்க்ரோ பட்டையும் போதும். கனெக்டர் பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சக்கரத்துக்குள் வைக்கும் எடைக்குப் பித்தளை வளையங்கள் விற்கிறார்கள். அழகானவை, ஆனால் இப்போதைக்குத் தேவையில்லை. நிஜக் கார்களுக்கு வீல் பேலன்சிங் செய்யும்போது ரிம்மில் ஒட்டும் சின்ன எடைக் கட்டிகளே அந்த வேலையைச் செய்யும். ரிம்மின் உள்வட்டத்தில் சுற்றிலும் சமமாக ஒட்டி, மேலே டேப் சுற்றிவிடுங்கள். ஈயக் கட்டியாக இருந்தால் தொட்ட பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஏன் சக்கரத்துக்குள் என்று கேட்கலாம். அங்கே வைக்கும் எடை ஸ்பிரிங்கின் மேல் உட்காருவதில்லை, சேசிஸை அமுக்குவதில்லை, வண்டியிலேயே மிகத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. வேகமாக ஓடும் வண்டியில் சக்கரம் கனத்தால் கெடுதல். நடை வேக வண்டிக்கு அந்தக் கெடுதல் மிகக் குறைவு. பின் சக்கரத்தில் எடை வேண்டாம்.

அதோடு மேலே இருப்பதைக் கழியுங்கள். கூரைமேல் லக்கேஜ் ரேக், பொம்மை ஜெர்ரி கேன், விளக்குப் பட்டை எல்லாம் பார்க்க அழகுதான். எனக்கும் அவற்றின் மேல் ஆசை உண்டு. ஆனால் உயரத்தில் இருக்கும் 100 கிராம் வண்டியைக் கவிழ்க்கத்தான் உதவும். அதே காரணத்துக்காக, பளபளக்கும் அலுமினிய ஷாக் டவர்களிலும் (ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் தூண்கள்) காசைப் போடாதீர்கள். உலோகம் போடுவதானால் ஆக்சில் மட்டத்திலோ அதற்குக் கீழேயோதான் போட வேண்டும்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்க ஒரு பலகையில் முரட்டு உப்புத்தாளை ஒட்டி, வண்டியை ஏறுமுகமாக நிறுத்துங்கள். பின் சக்கரம் நழுவாமல் குறுக்கே ஒரு ரீப்பர் கட்டையை அடித்துவிட்டு, பலகையின் முன்முனையை மெல்லத் தூக்குங்கள். முன் சக்கரம் எழும்பும் கோணத்தைக் கைபேசியில் உள்ள கோணமானியால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதைச் செய்தால் எது பலன் கொடுத்தது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

இதில் ஷாக்குக்கும் பங்கு உண்டு. ஏறும்போது எடை பின்னால் சரிய, முன் ஸ்பிரிங்குகள் விரிந்து வண்டியின் மூக்கை மேலே தள்ளுகின்றன. மல்லாக்க விழ அதுவும் ஒரு காரணம். முன் ஷாக்கைத் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே தண்டில் 5 மி.மீ. நீளமுள்ள சிறு குழாய்த் துண்டைக் கோத்துவிட்டால் ஷாக் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் விரியும். திறந்த கையோடு பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு, மெல்லிய சிலிக்கான் ஷாக் எண்ணெயைக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். சமதளத்தில் நிற்கும்போது, ஷாக் தன் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்கியிருக்க வேண்டும். அமுங்காமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் மென்மையானதாக மாற வேண்டும்.

டயருக்குத்தான் அடுத்த பெரிய காசு. வண்டியோடு வந்த டயர்கள் பெரும்பாலும் கடினமான ரப்பர், சீக்கிரம் தேயக்கூடாது என்று செய்யப்பட்டவை. நகத்தால் அமுக்கிப் பாருங்கள். பள்ளம் விழாவிட்டால் அது பாறையையும் பிடிக்காது. 1/10 கிராலரில் 1.9 அங்குல ரிம், 12 மி.மீ. ஹெக்ஸ் (ரிம்மை அச்சோடு பிணைக்கும் அறுகோணத் துண்டு) என்பதே பரவலான அளவு என்பதால் மென்மையான டயருக்குப் பஞ்சமில்லை. பசை போட்டு ஒட்டிய ரிம்மாக இருந்தால், வளையத்தை ஸ்குரூ போட்டு இறுக்கும் பீட்லாக் ரிம் வாங்குங்கள். எடை ஒட்டவும் டயருக்குள் இருக்கும் ஃபோமை மாற்றவும் அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும், அங்கேதான் அதன் அருமை தெரியும்.

பழைய டயரையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதானால் உள்ளே இருக்கும் ஃபோமைப் பாருங்கள். அது விறைப்பாக இருந்தால் வெளிவட்டத்தில் ஆறேழு முக்கோணத் துண்டுகளை வெட்டி எடுங்கள். டயர் கல்லின் மேல் படிந்து உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சோதியுங்கள். அளவு மீறினால் சரிவில் குறுக்காகப் போகும்போது டயர் மடிந்து வண்டி பக்கவாட்டில் சாயும். காற்று வெளியேற டயரிலோ ரிம்மிலோ துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ரிம்மில் எதிரெதிராக 3 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். அடைபட்ட காற்றோடு எந்த டயரும் மென்மையாக இருக்காது.

ஸ்டியரிங் திரும்பாததற்குக் காரணம் சர்வோ. இந்த அளவு வண்டியில் பூட்டிய முன் ஆக்சிலும் கல்லில் மாட்டிய டயரும் சேர்ந்தால் 20 முதல் 25 கிலோ-செ.மீ. விசை என்று குறிக்கப்பட்ட, உலோகப் பல்சக்கரம் உள்ள சர்வோ வேண்டும். கூடவே உலோக ஹார்ன் (சர்வோவின் தண்டில் மாட்டும் சிறு கை) போடுங்கள். பழைய பிளாஸ்டிக் சர்வோ சேவர் (அதிர்ச்சியில் நெகிழ்ந்து கொடுக்கும் ஹார்ன்) இருந்தால், புதிய சர்வோவின் விசையை அதுவே தின்றுவிடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. பலமான சர்வோவை மாட்டிய முதல் நாளே என் வண்டி பாதிச் சரிவில் செத்து நின்று, உருண்டு கீழே போனது. சர்வோ சக்கரத்தைத் திருப்பத் திணறும்போது இழுக்கும் ஆம்பியரை மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள் இருக்கும் பீஇசியால் (சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் சுற்று) கொடுக்க முடியவில்லை. மின்னழுத்தம் சரிந்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்துவிட்டது. அதனால் வாங்குமுன் உங்கள் ஈஎஸ்சியின் பீஇசி எத்தனை ஆம்பியர் கொடுக்கும், சர்வோ முழுத் திணறலில் எத்தனை கேட்கும் என்று இரண்டையும் பாருங்கள். பற்றாவிட்டால் தனி பீஇசி ஒன்று வாங்கிப் பேட்டரியிலிருந்து நேராக சர்வோவுக்குக் கொடுங்கள். சர்வோவிலிருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு வயரை மட்டும் துண்டித்து அந்த முனையை டேப்பால் மூடிவிடுங்கள். சிக்னல் வயரும் கறுப்பு வயரும் ரிசீவரோடு இணைந்தே இருக்க வேண்டும். தனி பீஇசியின் மின்னழுத்தத்தை சர்வோ தாங்கும் அளவுக்குள் வைக்க மறக்காதீர்கள். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கடைசியில் சர்வோ விடாமல் முனகினால், ரிமோட்டில் எண்ட் பாயிண்டை (ஸ்டியரிங் திரும்பும் எல்லையை) கொஞ்சம் குறையுங்கள். முனகும் சர்வோ சூடாகிக் கருகும்.

பின்னால் உருளும் சிக்கலுக்குப் பெரும்பாலும் செலவே இல்லை. ஈஎஸ்சியில் டிராக் பிரேக் என்ற அமைப்பு இருக்கும்; விசையை விட்டதும் மோட்டாரையே பிரேக்காக மாற்றுவது அது. சிலவற்றில் சின்ன ஜம்பரை (கழற்றி மாட்டும் இணைப்புத் துண்டை) மாற்றினால் கிராலர் முறைக்கு வந்துவிடும், சிலவற்றுக்கு புரோகிராம் கார்டு (அமைப்புகளை மாற்றும் சிறு கருவி) வேண்டும். அதே இடத்தில் பேட்டரி வகை லிப்போ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பேட்டரி தாழும்போது ஈஎஸ்சி சரியான நேரத்தில் நிறுத்தாமல் போகலாம். செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போன லிப்போ கெட்டுப்போகும்.

டிராக் பிரேக் போட்டும் வண்டி தவழ்ந்து இறங்கினால் பினியனை (மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரத்தை) மாற்றுங்கள். 15 பல் பினியனுக்குப் பதில் 12 பல் போட்டால் வேகம் 20 சதவீதம் குறையும், சக்கரத்தில் விசை 25 சதவீதம் கூடும், பிரேக்கும் அதே அளவு பலமாகும். மோட்டாரைவிட மிகக் குறைந்த விலையில் கிடைப்பது அது. பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரின் பிட்ச் (பல்லின் அளவு) 32 என்றால் பினியனும் 32 ஆகவே இருக்க வேண்டும், 48 பொருந்தாது. இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டு நெருக்கி இறுக்கி, பிறகு காகிதத்தைச் சுற்றி வெளியே எடுத்தால் இடைவெளி சரியாக வரும். வண்டியோடு வந்த 540 அளவு (மோட்டாரின் உடல் அளவைக் குறிக்கும் எண்) பிரஷ் மோட்டார் ஒருநாள் தேய்ந்து ஓய்ந்தால் 35 முதல் 55 டர்ன் (கம்பிச் சுற்று) வரையுள்ள இன்னொரு பிரஷ் மோட்டாரையே வாங்குங்கள். டர்ன் கூடக் கூட வேகம் குறையும், மெல்ல நகர்த்துவது எளிதாகும்.

3எஸ் பேட்டரியை ஈஎஸ்சி தாங்குமா என்பது வேறு கேள்வி. உங்களுக்கு இப்போது தேவையில்லாத கேள்வியும்கூட. 2எஸ்ஸை பேலன்ஸ் சார்ஜரில் (செல்களைச் சமமாக நிரப்பும் சார்ஜர்), கண் பார்வையில் வைத்து 8.4 வோல்ட் வரை சார்ஜ் செய்யுங்கள். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். முழு சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் புதிய பேட்டரியும் உப்பக்கூடும்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் காசைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். முன்பக்கம் கனத்து, டயர் பிடித்து, சர்வோ பலமானதும், இதுவரை சும்மா இருந்த பாகங்கள் மேல் சுமை ஏறும். முதலில் முறுக்கப் போவது பெரும்பாலும் முன் டிரைவ் ஷாஃப்ட். அது உடைந்தால் எஃகு ஷாஃப்ட் போடுங்கள், வேறொன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.