கையெழுத்து வாங்கும் முன் கணக்கைச் சொல்லுங்கள்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறேன். வங்கியில் தறிக்கடன் 4.5 லட்சம், நகைக்கடன் 2.5 லட்சம், வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கியது 3 லட்சம், மச்சினன் ஜாமீனில் நிதி நிறுவனக் கடன் 1.5 லட்சம். நகைக்கடன் மட்டும்தான் மனைவிக்குத் தெரியும். அப்பா பெயரில் இருக்கும் வீட்டை வைத்து 15 லட்சம் வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்கிறார் ஒரு புரோக்கர். அப்பா, மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'தறிக்கு லோன்' என்று மட்டும் சொல்லி வாங்கிவிடலாமா? சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் எப்படிச் சொல்வது?

பதில்: அப்படிக் கையெழுத்து வாங்காதீர்கள். இப்போது உங்கள் கடனுக்கு உங்கள் மனைவி பொறுப்பல்ல. எந்தப் பத்திரத்திலும் அவர் கையெழுத்து இல்லாதவரை வங்கியோ வட்டிக்காரரோ அவரைக் கேட்க முடியாது. நீங்கள் நீட்டும் தாளில் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட நிமிடமே முழுத் தொகைக்கும் அவரும் பொறுப்பு. விஷயம் தெரியாத ஒருவரை இதில் இழுத்துவிட்டுப் பிறகு சமாதானம் சொல்ல முடியாது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். யாருக்கு, அசல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, என்ன அடமானம், யார் கையெழுத்து. வட்டிக்காரரிடம் வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் கடனாகவே எழுதுங்கள். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து எண்ணைக் குறியுங்கள். அது திரும்பி வந்தால் காசோலை மோசடி வழக்கு, 2 ஆண்டுவரை சிறை அல்லது தொகையில் இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். 'நான் வெற்றுத்தாளாத்தானுங்க கொடுத்தேன்' என்பது கோர்ட்டில் எளிதில் எடுபடாது. மூன்று வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்) எதிரே மாதம் 9,000 என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். மூன்று ஆண்டில் வட்டி மட்டுமே அசலைத் தாண்டிவிடும்.

பிறகு மனைவியிடம் பேசுங்கள். கரண்ட் நிறுத்தி தறி ஓடாத ஒரு பகல் பொழுது நல்லது. ராத்திரி வேண்டாம், பிள்ளைகள் எதிரில் வேண்டாம். நூல் விலை, கூலி உயராதது, ஆர்டர் இல்லாதது எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள். மொத்தத் தொகையை முதலில் சொல்லுங்கள்: "அம்மிணி, மொத்தம் பதினொன்றரை லட்சம் கடன் இருக்குது. உனக்குத் தெரிஞ்சது ரெண்டரைதான்." கடனைத் தவணையில் கட்டலாம், தவணையில் சொல்லக் கூடாது. இன்று நாலு, அடுத்த மாதம் மூன்று என்று வெளியே வந்தால் மூன்றாவது முறை நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பமாட்டார்.

அடகு ரசீதுகளை அவர் கையிலேயே கொடுங்கள். அந்த நகை அவருடையது, எந்தத் தேதிக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். கோபப்படுவார், படட்டும். பதிலுக்கு அவரும் உங்களுக்குத் தெரியாத ஒரு குழுக்கடனைச் சொல்லக்கூடும். அப்போது சத்தம் போடும் யோக்கியதை உங்களுக்கு இல்லை.

முதலில் மனைவி, அப்புறம் இருவருமாகப் போய் அப்பா அம்மா. பங்காளிகளை உட்கார வைத்துப் பஞ்சாயத்து வேண்டாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு: உங்கள் மச்சினன். அவர் ஜாமீன்தாரர், அவரிடம் மறைக்கக் கூடாது. 'சும்மா பேருக்குத்தான் கையெழுத்து' என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. உங்களை விட்டுவிட்டு நேராக அவரிடமே வசூலிக்கலாம். நீங்கள் தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் கெடலாம். நாளைக்கு அவர் வண்டிக்கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும், அதுவும் யாரோ ஒரு வங்கி ஊழியர் வாயால். அவர் சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் கதை வேறு, சாட்சிக்குப் பொறுப்பில்லை. பத்திரத்தில் அவர் பெயருக்கு மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜாமீன் என்றால் மனைவியிடம் சொன்ன அன்றே, மனைவியைக் கூட வைத்துக்கொண்டு, அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தப் புரோக்கர். உங்கள் கடன் 11.5 லட்சம். அவர் ஏன் 15 என்கிறார்? கமிஷனைச் சதவீதத்தில் வாங்குபவருக்குத் தொகை பெருகினால் லாபம். ஃபைல் சார்ஜ், லீகல் சார்ஜ் என்று முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வாருங்கள். இன்று மூன்று வட்டிக்குக் கொடுத்தவருக்கு உங்கள் வீட்டின் மேல் எந்தப் பிடியும் இல்லை. இந்த 15 லட்சத்தை வாங்கினால் எல்லாக் கடனும் உங்கள் அப்பாவின் கூரை மேல் ஏறும்.

அதைவிட மோசமான ஒன்றும் இந்தப் பக்கம் நடக்கிறது. அடமானம் என்று சொல்லிக் கூட்டிப்போய், கிரைய (விற்பனை) ஒப்பந்தத்திலோ பொது அதிகாரப் பத்திரத்திலோ (பவர் பத்திரம்) கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். "அவசரத்துக்குத்தானுங்க, பணம் கட்டினதும் ரத்து பண்ணிக்கலாம்" என்பார்கள். பணம் கட்டப் போகும்போது ஆள் ஊரில் இருக்கமாட்டார். பத்திரப்பதிவு அலுவலகத்திலோ சம்மதமா என்று கேட்டு, தலையாட்டியதும் விரல் ரேகை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். என்ன பத்திரம் என்று வயதானவருக்கு ஒரு வரி விளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. முதல் பக்கத்துத் தலைப்பில் 'கிரையம்', 'அதிகாரம்' என்ற சொல் இருந்தால் அப்பா பேனாவைத் தொடவே கூடாது. மூலப் பத்திரத்தை 'பார்த்துட்டுத் தர்றேன்' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

வங்கிக்கு மனைவியோடு நீங்களே போங்கள். தவணை தவறி 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும், அதற்கு முன்பே காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள். 'ஆப்பில் பாருங்க' என்று அனுப்பினாலும் நகராதீர்கள். புதிதாகத் தனிநபர் கடனோ சிறுதொழில் தவணைக் கடனோ எழுதினால், வட்டி, கட்டணம் எல்லாம் சொல்லும் முக்கிய விவர அறிக்கையை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி. ஆங்கிலத்தில் நீட்டினால் தமிழில் கேட்டு வாங்குங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. வெளி வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஸ்டேஷனில் 'பேசித் தீர்த்துக்குங்க' என்று திருப்பி அனுப்பினால், கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உங்கள் மனைவி போகலாம், பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. வங்கி மனுவை இரண்டு நகலாக எழுதி, ஒன்றில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்ய அந்த நகல்தான் வேண்டும். வழிமுறை கேட்க 14448-ஐ அழையுங்கள்.