சரிவைக் கண்டு வருந்தும் சைக்கிள்காரர்

கேள்வி: எனக்கு 57 வயது. பதினைந்து ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் ஏலகிரி மலையை 60 நிமிடத்தில் ஏறினேன். சென்ற மாதம் 67 நிமிடம் ஆயிற்று. போதாக்குறைக்கு, கொண்டை ஊசி வளைவில் என்னைக் கடந்த இளைஞர் ஒருவர், "பொறுமையா வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தச் சரிவை எப்படி ஏற்றுக்கொள்வது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் சரிவைக் கண்டு வருந்துவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எனக்குத் தெரிந்த சைக்கிள்காரர்கள் எல்லோரும் நாக்குத் தள்ள மலையேறுவதே திரும்பி வரும்போது கிடைக்கும் சரிவுக்காகத்தான். அங்கே கால்கள் ஓய்ந்திருக்கும், சட்டை காயும், எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநர் நல்லவராக இருந்தால் உயிரும் தங்கும்.

சரிவு என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் 'சைக்கிள்' என்று எழுதியதற்காக அன்பர் ஒருவர் அடுத்தடுத்து மூன்று கடிதங்கள் எழுதி, 'மிதிவண்டி' என்று எழுதக் கூசும் பத்திரிகை தன்னைத் தமிழ்ப் பத்திரிகை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டார். சரிவில் யாரும் மிதிப்பதில்லையே, மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் மட்டும் அந்த வண்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நானும் பணிவோடு கேட்டிருந்தேன். நான்காவது கடிதம் வரவில்லை. சந்தாவும் வரவில்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். மலையேறும்போது நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் நம்முடைய எடையோடுதான். எடை கூடவில்லை என்று நீங்கள் சொன்னால் நம்புகிறேன். அப்படியானால் 60 நிமிடம் 67 ஆனதற்குப் பொருள், உங்கள் கால்கள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பதே. பத்து ஆண்டுகளுக்கு இது அதிசயமான இழப்பு அன்று. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது நிற்காது. ஆனால் இதே இழப்பைச் சமதரைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே எதிரி எடையன்று, காற்று. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். இந்தக் கொடிய கணக்கு திரும்பும்போது கருணையாகிறது: ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை இழந்தவர் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 29க்குத்தான் இறங்குவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உங்களுக்கு ஒரு கிலோமீட்டர்தான் மூப்பு. ஏலகிரியில்தான் ஏழு நிமிட மூப்பு. நீங்களோ, இருக்கும் தராசுகளிலேயே இரக்கமற்ற ஒன்றைத் தேடிப்போய் அதன்மேல் ஏறி நின்றிருக்கிறீர்கள். அந்த மலையின் 14 வளைவுகளுக்கும் புலவர்களின் பெயரையும் கடையெழு வள்ளல்களின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். தேரையே முல்லைக்கு விட்டுக்கொடுத்த பாரியின் பெயர்ப்பலகைக்கு எதிரில் ஏழு நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஒருவர் மூச்சு வாங்குவதை நினைத்துப் பார்க்கிறேன்.

உங்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை நான் ஓட்டிய நேரங்களை ஒரு பழைய நாட்குறிப்பின் பின்பக்கங்களில் எழுதிவைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தேன். ஆண்டுக்கணக்காக அந்த நேரத்தை எட்ட முடியாமல், மூட்டு வலித் தைலத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். சென்ற ஆண்டு ஏதோ ஓர் ஓய்வு நேரத்தில்தான் அந்தத் தேதியை ஒழுங்காகப் பார்த்தேன். டிசம்பர் மாதம். தெற்கு நோக்கிப் போன என் முதுகில் கைவைத்து வாடைக்காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறது; அது செய்த வேலைக்கு நான் என் தொடைகளைப் பாராட்டியிருக்கிறேன். அன்று திரும்பி வந்த நேரத்தை நான் எழுதியே வைக்கவில்லை. வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று வீசும் திசைக்கொரு பெயர் வைத்த மொழியில் நாட்குறிப்பு எழுதியவன், ஒருநாளாவது காற்றின் பெயரைக் குறித்திருக்கலாம். கையில் கட்டும் இன்றைய கருவிகள் துடிப்பையும் தூக்கத்தையும்கூட எண்ணித் தருகின்றன. ஆனால் நம் பெருமையில் எத்தனை பங்கு காற்றுக்குச் சேர வேண்டியது என்பதைப் பிரித்துக் காட்ட அவற்றை வாங்குகிறவர் எவரும் கேட்பதில்லை.

'ஏற்றுக்கொள்வது' என்கிறீர்கள். பிரான்ஸ் நாட்டு ரோபேர் மார்ஷான் 1911இல் பிறந்தவர். இளமையில் விட்ட சைக்கிளை அறுபது வயதைத் தாண்டித் திரும்பவும் எடுத்தவர். 2014இல், தம் 102ஆம் வயதில், சைக்கிள் பந்தயத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். 101க்கும் 103க்கும் இடையில் பயிற்சி முறையை மாற்றியதில், அவர் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு 13 சதவீதம் கூடியிருந்தது என்பது அவரை ஆராய்ந்தவர்களின் கணக்கு. அப்படிப்பட்டவரும் 2017 ஜனவரியில், 105ஆம் வயதில், 22.547 கிலோமீட்டர்தான் ஓட்டினார். மூன்று ஆண்டுகளில் நான்கு கிலோமீட்டருக்கு மேல் சரிவு. அந்த வயதுக்கென்று ஒரு பிரிவையே புதிதாக ஏற்படுத்தி அரங்கம் எழுந்து நின்று கைதட்டியபோது, பெரியவர் சொன்னது என்ன தெரியுமா? இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று காட்டிய பலகையைத் தாம் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்றார். ஏற்றுக்கொண்டவரின் பேச்சா இது? 105 வயதில் பலகையின்மேல் பழி போட்டவர் இருக்கும்போது, 57 வயதில் நீங்கள் உடலின்மேல் பழி போட அப்படியென்ன அவசரம்?

ஏழு நிமிடத்தைவிட அந்த 'அங்கிள்'தான் உங்களைச் சுட்டது என்பது என் ஐயம். அதற்கு என்னிடம் மருந்தில்லை. என்னை இப்போது 'தாத்தா' என்கிறார்கள். வருகிற டிசம்பரில் மாமல்லபுரம் போய் வந்து உங்கள் நேரத்தை எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன். ஆனால் திரும்பி வந்த நேரமும் அதில் இருக்க வேண்டும். போன நேரத்தை மட்டும் எழுதினால் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும்.