தராசுக்குத் தெரியாத வேலை

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறேன். வேகமாக எடுக்கும் ஓர் அக்காவை எல்லோர் முன்னாலும் பாராட்டி, கைதட்டவும் சொன்னேன். மறுநாளிலிருந்து மற்றவர்கள் அவரிடமும் பேசுவதில்லை, என்னிடமும் முகம் கொடுப்பதில்லை. பாராட்டியது தப்பா?

க., வேதாளை

அன்புள்ள க.,

பாராட்டியது தப்பில்லை, வேகத்தைப் பாராட்டியதுதான் வினை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இடத்தில் வேகத்துக்கான பரிசைத் தராசே கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் கைதட்டலும் என்றால், ஓட்டுத் துணுக்கு சேராமல் பார்த்துப் பார்த்து எடுப்பவர்களுக்கு 'நாம மந்தமாம்' என்றுதான் படும். நாளைக்கு அவர்களும் கையை ஓட்டுவார்கள். துணுக்கு டப்பாவுக்குள் போகும்.

தராசுக்குத் தெரியாத வேலையைத் தேடிப் பிடியுங்கள். நீந்தும் காலை ஒட்டிய பெரிய சதை ஒரு நண்டுக்கு இரண்டுதான். முழுசாக வந்தால் முதல் தரம். பிய்ந்தால் தரமும் விலையும் இறங்கும். 'அக்கா, இந்தத் தட்டுல ஒண்ணுகூட உடையல' என்று அன்றைக்கே, அவர் மேசைக்குப் போய்ச் சொன்னால் போதும். சனிக்கிழமை எல்லோருக்கும் பொதுவாக 'சூப்பர்' என்றால் யாருக்கும் போய்ச் சேராது. புதிதாக வந்த பிள்ளைக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவருக்கு அன்று எடை குறையும். அவருக்கு வாய்வார்த்தை போதாது, அந்த நேரத்துக்கும் கூலி போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள்.

தராசின் எண் அவர்கள் பக்கம் தெரிகிறதா? வெறும் தட்டை வைத்து, பூஜ்யம் காட்டிவிட்டு நிறுக்கிறீர்களா? இல்லையென்றால் 'எடையில அடிச்சுட்டு இனிக்கப் பேசுறாரு' என்றுதான் பேச்சு வரும்.

நண்டு ஓடு விரலைக் கீறும். பிளாஸ்திரி மேசைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீல நிறத்தில் வாங்குங்கள், வெள்ளைச் சதையில் கழன்று விழுந்தாலும் கண்ணில் படும். ஆபீசில் பூட்டிவைத்தால், கேட்கக் கூச்சப்பட்டுக் கீறலின் மேலேயே கையுறையை மாட்டிக்கொள்வார்கள்.

மூத்தவர்களை அக்கா, மதினி, லாத்தா என்று அவரவர் வழக்கப்படி கூப்பிடுங்கள். 'ஏ, மூணாம் மேசை' எல்லாம் வேண்டாம். (உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் மகிழ்ச்சி.)

வாடைக்காற்று வலுத்துப் படகு இறங்காவிட்டால், மறுநாள் சரக்கு இல்லை என்பது உங்களுக்கு முந்தின சாயங்காலமே தெரிந்துவிடும். அப்போதே போனில் சொல்லிவிடுங்கள். மரைக்காயர்பட்டினத்திலிருந்து சோறு கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்தவரை வாசலோடு திருப்பினால் ஒரு வாரத்துப் பாராட்டும் அத்தோடு போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் நாட்டுப்படகு நண்டை நம்பித்தான் ஓட வேண்டும். இருக்கிற வேலையை முறை வைத்துக் கொடுங்கள். வேகமான கைகளை மட்டும் கூப்பிட்டால் இப்போதைய மனத்தாங்கல் பகையாகிவிடும்.

அந்த அக்காவுக்காகச் சமாதானக் கூட்டம் ஏதும் போட வேண்டாம், அது இன்னொரு மேடையாகிவிடும். கொஞ்ச நாள் அவரிடம் எடைப் பேச்சை எடுக்காமல், மற்ற மேசைகளில் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வாருங்கள். டீ நேரத்தில் அவர்களாகவே பேசிக்கொள்வார்கள்.