மருத்துவமனையையும் வீட்டுப் பராமரிப்பையும் கணினிக்கு மாற்றும் பொறுப்பு வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் இந்தப் பொறுப்பை ஏற்கப்போவதாகவும், எந்த மென்பொருளை வாங்குவது என்று குழப்பமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தென் மாவட்டத்தில் இதே போன்ற ஓரிடத்தில் மூன்று வருடம் இந்த வேலையைப் பார்த்தவன் நான். அங்கே ஓபியும் உண்டு, படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் செவிலியர் குழுவும் உண்டு. மென்பொருளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். முதலில் சிஸ்டர்களின் நோட்டைப் படியுங்கள்.

நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. கட்டம் போட்டு எழுதியிருந்த பிபி, சுகர், படுக்கைப் புண், மாத்திரை எல்லாவற்றையும் அப்படியே திரைக்குக் கொண்டுவந்தேன். ஓரத்தில் கிறுக்கியிருந்ததை விட்டுவிட்டேன். "பின்வாசல் வழியாகப் போகவும், நாய் இருக்கிறது." "மருமகளிடம் சொன்னால்தான் நடக்கும்." ஒரு தாத்தாவின் பக்கத்தில் "சிவப்பு காலை, கறுப்பு ராத்திரி" என்று மட்டும் இருந்தது.

மூத்த சிஸ்டர் மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவில் போனார். புதிதாக வந்த பெண் டேப்பை (பதிவுகள் இருக்கும் கையடக்க டேப்லெட்) பார்த்துத் தாத்தாவுக்கு மாத்திரை அட்டைகளைச் சரியாகவே கொடுத்துவிட்டு வந்தார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலை அட்டையில் சிவப்பு நூலும் இரவு அட்டையில் கறுப்பு நூலும் கட்டிக் கொடுப்பது மூத்த சிஸ்டரின் வழக்கம். நூல் இல்லாத அட்டையில் எது எதுவென்று தெரியாமல், தப்பாகக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து, பாட்டி நான்கு நாள் எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. அடுத்த முறை போனபோது தாத்தாவின் பிபி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நல்லவேளையாக அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் பதிவில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

அப்புறம் ஒவ்வொருவர் பக்கத்திலும் மேலேயே 'வீட்டுக் குறிப்பு' என்று ஓர் இடம் வைத்தோம். தமிழில் தட்டச்சு செய்ய நேரம் பிடிக்கும் என்பதால் பேசியும் பதியலாம். குடும்ப விஷயமெல்லாம் அதில் வரும். ஆகவே அந்த வீட்டுக்குப் போகிற குழு மட்டுமே அதைப் பார்க்க முடியும், பில்லிங் பிரிவு பார்க்க முடியாது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த மருமகளுக்கு நாம் தரவேண்டிய மரியாதை அது.

இரண்டாவது, "நோட்டிலும் எழுதுங்கள், டேப்பிலும் போடுங்கள்" என்ற நிலையை நீட்டிக்காதீர்கள். பகலில் பத்து வீடு ஏறி இறங்கி, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அதையே டேப்பில் ஏற்றுகிறவருக்கு உங்கள் திட்டத்தின் மேல் எப்படி நம்பிக்கை வரும்? நோட்டை நிறுத்தும் தேதியை முதல் நாளே நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தணிக்கைக்கு நோட்டு வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அவர்களோடு மோதுவது உங்கள் வேலை, சிஸ்டரின் வேலை இல்லை.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கியது. அதில் ஒவ்வொருவருக்கும் அவரவர் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண் கிடைக்கும். நல்ல ஏற்பாடு, சேருங்கள். ஆனால் ஆதார் வழியாக அந்த எண்ணை எடுக்கும்போது ஓடிபி பாட்டிக்கு வராது. திருப்பூர் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும் மகனின் போனுக்குப் போகும். அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் அதன் நேரம் முடிந்திருக்கும். அந்த எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை தடைப்படக் கூடாது. பெயரை வைத்துத் தேடினால் ஒரே தெருவில் மூன்று மாரியம்மாள் வருவார்கள், பிறந்த வருடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும். 'தண்ணித்தொட்டி மாரியம்மா' என்று ஊர் சொல்கிற பெயருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

இது பணம் இல்லாத இடத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் 2002-ல் தொடங்கிய பிரம்மாண்டமான தகவல் தொழில்நுட்பத் திட்டம் பல நூறு கோடி பவுண்டுகளை விழுங்கியது. 2011-ல் அதைக் கலைப்பதாக அரசே அறிவித்தது. எல்லாவற்றையும் மேலிருந்து முடிவு செய்ததும், அதைப் பயன்படுத்தப்போகும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் போதிய அளவு கலந்துகொள்ளாததும் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன.

சரி, எந்த மென்பொருள்? நெட் இல்லாமல் வேலை செய்ய வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினால் தரவு முழுவதும் நம் கைக்கு வர வேண்டும். விற்க வருகிறவரை ஏசி அறையில் உட்கார்ந்து டெமோ காட்டச் சொல்லாதீர்கள். சிஸ்டரோடு வண்டியில் ஏற்றி, சிக்னல் கிடைக்காத ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள். அங்கே கட்டில் பக்கத்தில் நின்று, புண்ணுக்குக் கட்டு மாற்றி முடிப்பதற்குள் ஒரு பதிவு போடச் சொல்லுங்கள்.