தங்கத்தில் டி.என்.ஏ. நிற்பது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை வீட்டில் வளர்ந்து, பிறகு டி.என்.ஏ. உணரி ஆய்வுக்குப் போனவள் நான். தங்கத்தில் ஒட்டிய டி.என்.ஏ. இழை தனக்குப் பொருந்தும் ஜோடி இழையைப் பிடிப்பதை வைத்து, அந்த ஜோடி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவிதான் உணரி. அந்த வேலையைப் பற்றிச் சேலத்து நண்பர்கள் கேட்டவை இவை.

தங்கத்தில் எதுவும் ஒட்டாதே அக்கா, டி.என்.ஏ. மட்டும் எப்படி? (பட்டறைக்காரர், செவ்வாய்பேட்டை)

நம்ம கொலுசு ஏன் கறுக்குது தம்பி? காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைப் பிடிப்பதால்தான். தங்கம் அப்படிக் கறுக்காது, ஆனால் கந்தகம் என்றால் அதற்கும் பிடித்தம் உண்டு. அதனால் இழையின் ஒரு நுனியில் தயால் என்னும் கந்தகக் கொக்கி வைத்தே செய்து வாங்குவோம். அது தங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

நெருக்கமாக ஒட்டினால் உணரி நன்றாக வேலை செய்யுமா? (காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு)

உங்களுக்குத் தெரியாததா? இடைவெளி விடாமல் நட்டால் செடி தழைக்காது. ஒட்டிய இழை தன் ஜோடியைப் பிடித்து முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த முறுக்கின் குறுக்களவு 2 நானோமீட்டர். நெரிசலில் வருகிற ஜோடிக்கு நுழைய வழியிருக்காது. ஒரு சதுர சென்டிமீட்டரில் சில லட்சம் கோடி இழைகள் இருந்தாலே நிறைய.

அந்த இடைவெளியை எப்படி வைப்பீர்கள்? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

முக்கியமாக உப்பால்! இழை நெடுகிலும் பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள நேர்மின்சுமை சோடியம் நடுவில் வந்தால் சண்டை தணியும், நெருங்கி நிற்கும். லிட்டருக்கு 58 கிராம் சாப்பாட்டு உப்பு, அதாவது 1 மோலார், வழக்கமான அளவு. குறைத்தால் இழைகள் குறைவாகவே ஏறும்.

தங்கத் தகடு இல்லாமல், கரைசலில் மிதக்கும் மிக நுண்ணிய தங்க நானோ துகளில் ஒட்டும்போது மட்டும் அவசரம் கூடாது. ஒருமுறை நான் உப்பை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். மாதுளைச் சாறு மாதிரி இருந்த கரைசல் கண் முன்னாலேயே நீலமாகிப்போச்சு. இழை மூடுவதற்குள் துகள்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அரை நாள் உழைப்பு சாக்கடைக்கு. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ப்பேன்.

இழை நிமிர்ந்தா நிற்கும்? (அதே மாணவி)

தானாக நிற்காது கண்ணு. அதன் காரங்களுக்கும் (டி.என்.ஏ.வின் A, T, G, C எழுத்துகள்) தங்கம் பிடிக்கும், அதிலும் A என்கிற அடினினுக்கு ரொம்பவே. அதனால் சாய்ந்து படுத்துவிடும். மெர்காப்டோஹெக்சனால் என்ற குட்டி மூலக்கூறை அடுத்து விட்டால், அது காலி இடத்தைப் பிடித்துக் காரங்களைக் கிளப்பிவிடும். இழை நுனியில் மட்டும் தொங்கி எழும். 1997-ல் ஹெர்ன், டார்லோவ் என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி இது.

வெள்ளியில் செய்யலாமா? (பட்டறைக்காரரே)

கொக்கி மாட்டும். ஆனால் வெள்ளி சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும், அளவீடு நிலைக்காது. நான் தங்கத்தை விட்டு மாறவில்லை தம்பி.