நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை சாப்பிட்டு ஐந்து மாதமாக நன்றாக இருக்கிறான். "குரலே கேட்கவில்லை, இனி மாத்திரை எதற்கு?" என்கிறான். உடம்பும் பெருத்துவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் மிகையான செயல்பாட்டை மாத்திரை தடுத்து வைத்திருப்பதால்தான், யாரும் பேசாமலே அவர் காதில் கேட்ட குரல் அடங்கியிருக்கிறது. நிறுத்திய மறுநாளே அது திரும்பாது. சில வாரம், சிலருக்குச் சில மாதம், ஒன்றுமே நடக்காது. வீட்டார் ஏமாறுவது இங்கேதான். 'பார்த்தீர்களா, மாத்திரை தேவையே இல்லை' என்று நிம்மதியாக இருக்கும்போது நோய் திரும்பும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படிப்பு, வேலை, நட்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவும். முதல் முறை வந்தவர்கள் குணமான பிறகும் குறைந்தது 1 முதல் 2 ஆண்டு மருந்தைத் தொடர வேண்டும். அதன்பின் குறைப்பதென்றால் மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாகத்தான்.

ஆனால் எடை பற்றிய அவர் குறை நியாயமானது. அதைத் தட்டிக்கழித்தால் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். இந்நோய்க்கான மருந்துகளில் ஒலன்சபின், க்ளோசபின் இரண்டும் எடையை அதிகம் ஏற்றும். அரிப்பிப்ரசோல் அவ்வளவு ஏற்றாது. மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். உட்கார முடியாமல் கால் பரபரத்து நடந்துகொண்டே இருந்தால் நோய் முற்றிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்வார்கள். தினமும் மாத்திரை போடுவதே தொல்லை என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. புகைப்பவராக இருந்து திடீரென்று விட்டால், ஒலன்சபின், க்ளோசபின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நோய் திரும்பப் போகிறது என்பதைப் பெரும்பாலும் முதலில் தூக்கம்தான் காட்டிக்கொடுக்கும். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருந்தாலோ, கதவைச் சாத்திக்கொண்டு ஒதுங்கினாலோ காத்திருக்க வேண்டாம். சென்ற முறை எது முதலில் தெரிந்தது என்பதைத் தம்பியோடு உட்கார்ந்து இப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்கிறாள் என் மகள். இல்லை என்றால் கத்துகிறாள். ஆமாம் என்று சொல்லிவிடட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வாதாடினால் நீங்களும் எதிராளி ஆகிவிடுவீர்கள். ஒத்துக்கொண்டால் பயத்துக்கு உங்கள் சாட்சியும் சேர்ந்துவிடும். அவள் நம்புவது சரியா தவறா என்பதை விட்டுவிட்டு, அவளுடைய பயத்தைப் பற்றிப் பேசுங்கள்: "எனக்கு அப்படித் தெரியவில்லைம்மா. ஆனா உனக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. ராத்திரி நான் பக்கத்திலேயே படுத்துக்கட்டுமா?" டிவியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே விஷயத்தைச் சிறிய வாக்கியமாகச் சொல்லுங்கள். நீங்கள் பேசும்போதே அவளுக்கு மட்டும் கேட்கும் குரலும் பேசிக்கொண்டிருக்கலாம். பதில் தாமதமாக வருவது அலட்சியம் அல்ல. குரல் தொல்லை செய்யும்போது காதில் பாட்டு கேட்பதும், வாய்க்குள் முணுமுணுப்பதும் சிலருக்கு உதவும்.

ஒன்றை மட்டும் நேராகக் கேளுங்கள்: "அந்தக் குரல் உனக்கோ மத்தவங்களுக்கோ ஏதாவது கெடுதல் செய்யச் சொல்லுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் கூரான பொருட்களையும் எட்டாமல் வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு இந்த நோய். எனக்கும் வருமா?

பதில்: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வராது. கஞ்சாவைத் தொடவே தொடாதீர்கள். அந்த வாய்ப்பைக் கூட்டுகிறவற்றில் உங்கள் கையில் இருப்பது அதுதான்.